பருத்தி எடுத்த கையோடு

2025 மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடக்கம். ஒன்பது மணிக்கே நூலகத் திண்ணையில் கால் வைக்க முடியவில்லை. எங்கள் பக்கம் இப்போது பருத்திக் காலம். சம்பா அறுத்த வயலில் போட்ட பருத்தி வெடித்து நிற்கிறது. விடியற்காலையில் கொல்லைக்குப் போகிற பெண்கள் வெயில் ஏறுவதற்குள் பஞ்சை எடுத்துக் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். பள்ளி விடுமுறை, அதனால் பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். எடுத்த கையோடு நேரே இங்கே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

மேலத்தெருவிலிருந்து ஓர் அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்தார். பையன் ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போகிறான். "இவன் போனை விட்டு எறங்க மாட்டேங்குறான் தங்கச்சி. அதுலயே நல்ல நல்ல புத்தகம் இருக்காமே. எதுன்னு காட்டிவிடு, புண்ணியமாப் போகும்" என்றார்.

எப்படித் தேடுவாய் என்று பையனைக் கேட்டேன். மைக்கை அழுத்தி "தமிழ்க் கதை" என்றான். வரிசையாக வந்து நின்றவை எல்லாம் வீடியோக்கள்: பேய்க் கதை, மாமியார் மருமகள் கார்ட்டூன், மந்திரப் பானை. ஒன்றைத் தொட்டான். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. அதற்கடுத்ததும் ஓடியது. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

நல்ல புத்தகங்களும் அதே போனுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் தேடல் பெட்டியில் அவை முன்னால் வந்து நிற்பதில்லை. பதினொரு வயதுப் பிள்ளை, தான் கேள்விப்பட்டிராத ஒரு நூலின் பெயரை எப்படித் தேடுவான்? யாராவது தேடிப் படித்து, எடுத்து, அவன் கையில் வைக்க வேண்டும். இந்த விடுமுறை முடிவதற்குள் அந்த வேலையைச் செய்துவிட நினைக்கிறேன்.

மே 6, செவ்வாய்

தமிழில் பிள்ளைகளுக்கு இணையத்தில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

முதலில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கியது. அன்று 24 மொழிகளில் 800 கதைகள் இருந்தன. இன்று மொழிகளே 300-க்கு மேல். தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் படக்கதைகள் வந்து குவிகின்றன. படிக்கக் கட்டணம் இல்லை. எடுத்து அச்சிடலாம், பகிரலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களை மட்டும் விடக்கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் நிபந்தனை அது.

அடுத்து, நம் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சின்னச் சின்ன நூல்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. பாரதியைத் தேடி அங்கே போகலாம்.

பட்டியல் போட்டுவிட்டால் பிள்ளை படித்துவிடுமா? ஒரு கதையாவது இன்றே படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகளில் ஒருத்தி தன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேட்டரி நிற்காது, வயரைச் சொருகியபடியேதான் ஓடும். மேசைமேல் வைத்து, எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லி, சுசீலாவின் கோலங்கள் கதையைத் திறந்தேன். ஸ்ரீதலா ஸ்வாமி எழுதியது, படம் பிரியா குரியன். பார்த்த இடத்திலெல்லாம் கோலம் போடத் துடிக்கிற சிறுமியின் கதை. முதலில் படங்களை மட்டும் காட்டினேன், ஒரு சொல்லும் படிக்கவில்லை. "அக்கா, அவ அடுத்து எங்க போடுவா?" என்று பின்வரிசையில் சத்தம். "செவுத்துல!" "மாட்டு மேல!" அவள் கண் வானத்துக்குப் போனதும் எல்லோரும் வாயடைத்துவிட்டார்கள். பிறகுதான் எழுத்தைப் படித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன், நூலக வாசல் முழுக்கச் சாக்பீஸ் கோலம். பையன்களும் போட்டிருந்தார்கள்.

மே 8, வியாழன்

ஏழாம் வகுப்புக்குப் போகிற மேலத்தெருப் பையன் இன்று தனியாக வந்தான். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பக்கம் புரளவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரெண்டு வரி எனக்குப் படிச்சுக் காட்டேன்" என்றேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ஒற்றெழுத்து வந்தால் நின்றுவிடுகிறான். 2020-இல் பள்ளிகள் மூடியபோது இவன் ஒன்றாம் வகுப்பு. எழுத்துப் பழகவேண்டிய காலமெல்லாம் வீட்டிலேயே போய்விட்டது. இவனைப் போல எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அறிவில் குறைவே இல்லை. பருத்தி எடையில் கிலோவுக்கு என்ன விலை போட்டால் என்ன வரும் என்று மனக்கணக்கில் சொல்கிறான்.

ஸ்டோரிவீவரில் ஒவ்வொரு கதைக்கும் நிலை எண் இருக்கிறது. முதல் நிலையில் எளிய சொற்கள், நான்காம் நிலையில் நீண்ட பத்திகள். பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பதினொரு வயதுப் பையனின் கையில் முதல் நிலை என்று போட்ட கதையைக் கொடுத்தால், அவன் அந்த எண்ணைத்தான் முதலில் படிப்பான். அதற்குப் பிறகு எதையும் படிக்க மாட்டான். ஆகவே நிலையைப் பார்த்து எடுப்பது என் வேலையாக இருக்கட்டும். பிள்ளைக்குச் சொல்லும்போது "இது மாட்டைப் பற்றி", "இது திருடனைப் பற்றி" என்று விஷயத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வாசிப்பு இயக்கத்தின் நான்கு பெயர்கள் எனக்குப் பிடித்திருப்பதும் இதனால்தான். அவற்றில் தோற்றவன், ஜெயித்தவன் என்று யாரும் இல்லை.

மே 9, வெள்ளி

நூலகத்துக்கு வார விடுமுறை. மதியம் முழுவதும் கதைகளைப் படித்துக் கழித்தெடுத்தேன்.

கழித்தெடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நல்லதாகிவிடாது. ஸ்டோரிவீவரில் யாரும் கதை எழுதலாம், யாரும் மொழிபெயர்க்கலாம். அதுவே அதன் பெருமை. ஆனால் தமிழில் வந்திருப்பவற்றில் நன்றாக இருப்பதும் உண்டு, எந்தப் பிள்ளையும் பேசாத விறைத்த தமிழும் உண்டு. கண்ணால் படிக்கும்போது தப்பித்துப் போகிற வாக்கியம், வாய்விட்டுப் படித்தால் மாட்டிக்கொள்ளும். மூச்சு எங்கே இடறுகிறதோ அங்கே பிள்ளைக்கும் இடறும். அப்படி இரண்டு மூன்று இடத்தில் இடறிய கதைகளை ஒதுக்கிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் பாடம் சொல்லி முடிக்கிற கதைகளையும் ஒதுக்கினேன். பொய் சொன்ன சிறுவன் கெட்டுப்போனான், கேட்டு நடந்தவன் நன்றாக இருந்தான் என்கிற ரகம். பள்ளியில் கேட்பது போதாதா? கதைக்குள் இருக்கிற பிள்ளைக்குச் சேட்டை இருக்க வேண்டும், சந்தேகம் இருக்க வேண்டும், பயம் இருக்க வேண்டும். படத்தில் ஒரு தெருவாவது நம் தெருபோல இருக்க வேண்டும். பனி பெய்கிற ஊரின் கதையும் வேண்டியதுதான், அது மட்டுமே இருந்தால் புத்தகம் என்பது வேறு யாருக்கோ நடப்பது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

இரவு பத்து மணிக்கு எண்ணிப் பார்த்தால் மிஞ்சியவை கொஞ்சமே. கொஞ்சம் போதும். நூறு கதை காட்டினால் பிள்ளை ஒன்றையும் திறக்காது. மூன்று காட்டினால் ஒன்றைத் திறக்கும்.

மே 12, திங்கள்

இன்றைய கதைக்காகவே இந்த நாளை எழுதி வைக்க வேண்டும்.

ராஜீவ் ஐப் எழுதி வரைந்த அம்மாச்சி கதை. தேங்காய் பர்ஃபி செய்ய ஓர் அம்மாச்சியும் பேரன் சூரஜும் எளிய எந்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். நெம்புகோல், கப்பி, சாய்தளம் எல்லாம் சமையலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. எழுத்து மிகக் குறைவு, படத்தில் வேலை அதிகம். கூட்டிப் படிக்கிறவனும் முடித்துவிடலாம். முடித்த பிறகும் பார்க்க ஏதாவது மிச்சமிருக்கும்.

மேலத்தெருப் பையனிடம் லேப்டாப்பைக் கொடுத்து, "நீயே எல்லாருக்கும் காட்டு" என்றேன். தயங்கினான். முதல் பக்கத்தில் குரலே வரவில்லை. மூன்றாவது பக்கத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், இது நம்ம கெணத்துச் சகடைடா!" என்று கத்தினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. எழுத்து வந்த இடத்தில் எழுத்தைப் படித்தான், படம் வந்த இடத்தில் தானே கதை சொன்னான். தேங்காய் மட்டை உரிக்கிற பாரையும் கடப்பாரையும்கூட நெம்புகோல்தானா என்று ஒருத்தி கேட்டாள். மாட்டுவண்டியில் பருத்தி மூட்டை ஏற்றச் சாய்க்கிற பலகை எதில் சேரும் என்று இன்னொருவன் கேட்டான். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பிறகு எல்லோரும் எழுந்து கோயில் கிணற்றுக்கு ஓடினார்கள். சகடையில் கயிறு போட்டு இழுத்தும், கயிறை நேராகப் பிடித்துத் தூக்கியும், எது சுலபம் என்று பார்த்தார்கள். பூசாரி அண்ணன் முதலில் அதட்டினார், அப்புறம் அவரே வாளியைப் பிடித்துக்கொடுத்தார்.

அந்தப் பையன் திரும்பி வந்து, "அக்கா, அது இன்னொரு தடவ" என்றான். தானே முதலிலிருந்து கடைசி வரை, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

இதே கதை வீடியோவாக ஓடியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். கிணற்றுக்குப் போக நேரம் கிடைத்திருக்காது. பக்கம் நிற்கிறது, பிள்ளை சொன்னால்தான் அடுத்த பக்கம் வருகிறது. திரையில் படித்தாலும் புத்தகத்துக்கு உள்ள இந்தக் குணம் போவதில்லை. ஆகவேதான் வீடியோவையும் படக்கதையையும் "போன் பார்ப்பது" என்று ஒரே பெயரில் சேர்த்துத் திட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

மே 13, செவ்வாய்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப் வேலை செய்யவில்லை. காகிதத்தில் இருந்தால்தான் சரி.

மே 15, வியாழன்

மன்னார்குடிக்குப் போய்த் தேர்ந்தெடுத்த கதைகளை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். கடைக்காரர் தம்பி, "பிள்ளைங்களுக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டு, அட்டையைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தார். வண்ணம் இல்லாதது நல்லதாகவே போனது. பிள்ளைகள் கிரேயான் வைத்துத் தாங்களே தீட்டிக்கொள்வார்கள்.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய செய்தி ஒன்றை நினைத்துக்கொண்டேன். 1931 அக்டோபர் 21-ஆம் தேதி, இதே மன்னார்குடியிலிருந்துதான் புத்தகங்கள் ஏற்றிய மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்தார். தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். இரங்கநாதன். முதலில் போன ஊர் மேலவாசல். வாசகரைத் தேடிப் புத்தகம் ஊர் ஊராகப் போனது. இரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வந்ததும் அதே 1931-இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பவை அவற்றுள் இரண்டு. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான்.

அந்த வண்டியில் புத்தகங்களோடு ஓர் ஆளும் போனார். எந்த ஊரில் யாருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். இன்றைக்குப் புத்தகம் வந்து சேர வண்டி தேவையில்லை, போன் போதும். அந்த ஆள் இன்றைக்கும் தேவை.

மே 18, ஞாயிறு

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உற்சாகமாக வந்தார். வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழைய சிறுவர் பத்திரிகைகளும் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் நூல்களும் ஸ்கேன் செய்த கோப்புகளாக வந்திருக்கின்றனவாம். "அவ்வளவும் அனுப்புறேம்மா, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு" என்றார். அவர் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னேன்.

இதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. அதற்குள் அரசு விலை கொடுத்து நாட்டுடைமை ஆக்கினால் யாரும் வெளியிடலாம். பாரதி எழுத்துகளின் உரிமையை 1949-இலேயே அரசு அப்படி வாங்கியது, பிறகு அவை பொதுச் சொத்தாயின. அந்த வகை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் மதுரைத் திட்டத்திலும் தாராளமாக எடுக்கலாம். வாண்டுமாமா மறைந்தது 2014-இல். அவர் நூல்கள் கடையில் கிடைக்கின்றன, வாங்கலாம். "பத்திரிகை நின்னுபோச்சே" என்றார் பெரியவர். பத்திரிகை நின்றாலும் உரிமை நிற்பதில்லை. தமிழில் சிறார் நூல் எழுதி அதை வைத்தே பிழைக்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எழுதுகிறவருக்குச் சேர வேண்டிய கொஞ்சத்தையும் நாம் தடுத்தால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு யார் எழுதுவார்கள்?

பேச்சுவாக்கில், தன் வீட்டுப் பரணில் தைத்துவைத்த பழைய அம்புலிமாமா கட்டுகள் இருப்பதாகச் சொன்னார். சிறுவயதில் அவர் அப்பா வாங்கிக் கொடுத்தவை. "அதக் கொண்டாந்து நீங்களே படிச்சுக் காட்டுங்க, அய்யா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வருகிறார்.

மே 21, புதன்

இன்று பெரிய பிள்ளைகளுக்குக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைக் காட்டினேன். பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிகள். தமிழ் வளர்ச்சிக் கழக வெளியீடு, 1968-இல் தொடங்கி 1976-இல் நிறைவடைந்தது. பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளில் முடித்த கையோடு அவரே பிள்ளைகளுக்கும் செய்தார். இவ்வளவு பெரிய அளவில் செய்த வேலை, எங்கள் நூலக அலமாரியில் ஒரு தொகுதிகூட இல்லை. இணையத்தில் அத்தனையும் இருக்கிறது.

தேடல் பெட்டியைத் தொடக்கூடாது, அகரவரிசையை வைத்தே தொகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று போட்டி வைத்தேன். யானைக்கும் மயிலுக்கும் எது முந்தி என்று சண்டை. "ம வந்த பிறகுதான்டா ய" என்று ஒருத்தி தீர்த்துவைத்தாள். தேடிப் போன வழியில் தேடாதவை கண்ணில் படுகின்றன, அதுதான் கலைக்களஞ்சியத்தின் ருசி. யானையைத் தேடிப் போனவர்கள் வேறெதையோ அரைமணி நேரம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கோள்களைப் பற்றிப் படித்த எட்டாம் வகுப்புப் பெண், "அக்கா, ஒன்பதுன்னு போட்டிருக்கு. எங்க பாடத்துல எட்டுதான்" என்று பிடித்துவிட்டாள். புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது 2006-இல். இந்த நூல் அதற்கு முப்பது ஆண்டு மூத்தது. முதல் பக்கத்துக்குப் போய் அச்சான ஆண்டைப் பார்க்கச் சொன்னேன். அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் ஆண்டைத் தேடுகிறாள். இந்த ஒரு பழக்கம் அவளுக்குக் கல்லூரி வரை உதவும்.

மே 25, ஞாயிறு

பெரியவர் அம்புலிமாமா கட்டோடு வந்தார். மஞ்சளேறிய தாள், ஓரம் உதிர்கிறது. விக்கிரமாதித்தன் வேதாளக் கதையைக் குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். கேள்வி வந்த இடத்தில் நிறுத்தி, "நீ சொல்லு, யார் செஞ்சது சரி?" என்று பிள்ளைகளைக் கேட்டார். பதினைந்து நிமிடம் வாதம். பதிலைப் படித்ததும், "ராஜா சொன்னது தப்பு" என்று ஒரு வாண்டு எழுந்து நின்றது. எங்கள் நூலகத்தில் இவ்வளவு சத்தம் நல்ல காரணத்துக்காகக் கேட்டு நாளாயிற்று.

பிறகு பிள்ளைகளின் சொந்தக் கதை. ஸ்டோரிவீவரில் ஓவியர்கள் வரைந்த படங்கள் வங்கியாகவே இருக்கின்றன. அவற்றை எடுத்து வரிசைப்படுத்தி நம் எழுத்தைப் போட்டுப் புதுக் கதை செய்யலாம். பருத்திக் கொல்லைக்குப் பொருந்துகிற படம் எங்களுக்குச் சரியாக அமையவில்லை. ஆகவே ஒரு மாடு, ஒரு பாட்டி, ஒரு மரம் என்று எடுத்துக்கொண்டு, கொல்லைக்கு வழி மறந்த பாட்டியை மாடு அழைத்துப்போகிற கதையாக ஆக்கிவிட்டார்கள். வாக்கியம் வாக்கியமாகச் சண்டை போட்டுத்தான் எழுதினார்கள். "பாட்டின்னு போடாத, அப்பாயின்னு போடு" என்றான் மேலத்தெருப் பையன். அப்பாயி என்றே போட்டோம்.

கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியபோதுதான், ஒரு புத்தகத்துக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு உறைத்தது. இப்போது எந்தக் கதையைத் திறந்தாலும் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பெயர் தெரிந்தால் அதே ஆளின் அடுத்த புத்தகத்தைத் தேட முடியும். ராஜீவ் ஐப் வரைந்த வேறு கதை உண்டா என்று மேலத்தெருப் பையன் கேட்டான். முதல் நாள் "தமிழ்க் கதை" என்று மட்டும் கேட்கத் தெரிந்த பையன்.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறது. வெயில் குறையவில்லை.

இந்த வாரம் கவனித்தது: அலமாரியிலிருந்து காகிதப் புத்தகம் எடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். திரையில் படிக்கப் பழகினால் காகிதத்தை விட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. எங்கள் ஊரில் அப்படி நடக்கவில்லை. கதை பிடித்துவிட்டால் அது எதில் இருக்கிறது என்று பிள்ளை பார்ப்பதில்லை.

பெரிய பிள்ளைகளுக்குப் படக்கதை போதாமல் போய்விட்டது. நீண்ட கதை வேண்டும் என்கிறார்கள். புது நாவல்கள் இணையத்தில் இலவசமாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் எதை வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள இணையம் உதவுகிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்துவருகிறது. தமிழ்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். 2014-இல் இரா. நடராசனின் விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள். 2020-இல் யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம். 2023-இல் உதயசங்கரின் ஆதனின் பொம்மை. பாலபாரதியின் நூல், தவறான தொடுகையைப் பற்றி ஒரு பிள்ளை வாய்திறந்து பேச வழிசெய்கிறது. அதை வாங்கி முதலில் தாய்மார்களிடம் கொடுக்கப் போகிறேன். கீழடியோடு சேர்ந்து வரும் ஆதனின் கதையைப் பெரிய பிள்ளைகள் உடனே கேட்டார்கள். மாவட்ட மைய நூலகத்துக்குக் கேட்புப் பட்டியல் எழுதிவிட்டேன். வாசகர் வட்டத்தாரும் சிலவற்றை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளிகள் திறக்கின்றன. புது நோட்டுக்கு அட்டை போடுகிற வேலையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று வந்தவர்கள் பெற்றோர்கள்தான். பலரும் கேட்டது ஒரே கேள்வி: இனிமேல் வீட்டில் எப்படி? சொன்னதையே ஒரு தாளில் எழுதி நூலகக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மறதிக்கு இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்பாவின் போன் ராத்திரிதான் வீட்டுக்கு வருகிறது. அப்போது அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். கதையை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். விளம்பரமும் வராது, அடுத்த வீடியோவும் ஓடாது. ஒரு கதை முடிந்தால் போன் திரும்ப உங்கள் கைக்கு வரட்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் போனே வேண்டாம், அச்செடுத்த தாள் இங்கே இருக்கிறது, எடுத்துப் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கூச்சப்பட வேண்டாம். பிள்ளை படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், "அப்புறம்?" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும். படித்த பிறகு கேள்வி கேட்டு மார்க் போடாதீர்கள். பிடிக்காத கதையைப் பாதியில் விட்டால் விடட்டும், அடுத்ததை எடுக்கட்டும்.

எது நல்ல கதை என்று தெரியாவிட்டால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் படித்துப் பாருங்கள், அல்லது படித்தவர் யாரையாவது கேளுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில், பள்ளி விட்டதும் பிள்ளைகளை நேரே நூலகத்துக்கு அனுப்புங்கள்.